ஓடும்போது புலி, நின்றால் நடுக்கம்!

நாற்சந்தியில் சிவப்பு விளக்கு எரிகிறது. வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. மற்ற வண்டிகள் சத்தம் இல்லாமல் நிற்க, ஒரு பெரிய பிக்கப் டிரக் மட்டும் "டப்... டப்டப்... டப்" என்று உறுமுகிறது. வண்டியின் முன்பக்கம் ஆடுகிறது. கண்ணாடி நடுங்குகிறது. திடீரென்று சத்தம் அடங்குகிறது. என்ஜின் நின்றுவிட்டது!

பச்சை விளக்கு எரிந்துவிட்டது. பின்னால் இருப்பவர்கள் ஆரன் அடிக்கிறார்கள். டிரைவர் அவசரம் அவசரமாகச் சாவியைத் திருப்புகிறார்.

அமெரிக்க நகரங்களில் இப்படிப்பட்ட காட்சியைக் காணலாம். அந்த டிரக் பழுதாகிப் போன வண்டி என்று நினைக்க வேண்டாம். சொந்தக்காரர் கைப்பணத்தைச் செலவழித்து, அதன் என்ஜினின் பலத்தைக் கூட்டியிருக்கிறார். நெடுஞ்சாலையில் விட்டால் புலிபோலப் பாயும். சும்மா நிற்கச் சொன்னால்தான் நிற்க முடியவில்லை!

பலம் கூடிய என்ஜின் ஏன் நடுங்குகிறது? அதை எப்படி அமைதிப்படுத்துகிறார்கள்?

குடும்ப வண்டி

"டிரக்" என்றதும் நமக்குச் சரக்கு லாரிதான் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் பிக்கப் டிரக் என்பது குடும்ப வண்டி. முன்னால் கார்போல இருக்கைகள் இருக்கும். பின்னால் திறந்த பெட்டி. அதில் வைக்கோலும் ஏறும். வீட்டுச் சாமான்களும் ஏறும். அதே வண்டியில் குழந்தைகள் பள்ளிக்கும் போவார்கள். போர்டு கம்பெனியின் "எப்" வரிசை பிக்கப், 1977-ம் ஆண்டு முதல் அந்த நாட்டில் அதிகமாக விற்கும் டிரக் என்ற பெயரைக் கைவிடாமல் வைத்திருக்கிறது.

வண்டியின் பலத்தைக் கூட்டும் ஆசை அங்கே பழைய ஆசை. 1932-ம் ஆண்டில் போர்டு கம்பெனி எட்டு சிலிண்டர் என்ஜினைச் சாதாரண மக்கள் வாங்கும் விலையில் கொடுத்தது. அதன் பலம் 65 குதிரைசக்தி. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய வாலிபர்கள், பழைய போர்டு கார்களை வாங்கி, அந்த என்ஜினைக் குடைந்து மாற்றி, பந்தயம் விட்டார்கள். 1946-ம் ஆண்டில் எட் இஸ்கெண்டேரியன் என்பவர், இதற்கென்றே ஒரு பட்டறை தொடங்கினார். அங்கே அவர் வடித்துக் கொடுத்த பொருளுக்குப் பெயர் "கேம் ஷாப்ட்".

பலத்தைக் கூட்டுவதும் அதுதான். நிற்கும்போது நடுங்க வைப்பதும் அதுதான்!

பந்தியும் இரண்டு வாசலும்

என்ஜினுக்குள் சிலிண்டர்கள் இருக்கின்றன. ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. சிலிண்டரின் தலைப்பக்கத்தில் இரண்டு கதவுகள். காற்றும் பெட்ரோலும் உள்ளே வருவதற்கு ஒன்று. எரிந்த புகை வெளியே போவதற்கு மற்றொன்று. இந்தக் கதவுகளுக்கு "வால்வு" என்று பெயர்.

வால்வுகளைத் திறப்பது கேம் ஷாப்ட். அது ஓர் இரும்புத் தண்டு. தண்டில் முட்டை வடிவத்தில் மேடுகள் இருக்கும். தண்டு சுழலும்போது மேடு வந்து தள்ளினால் வால்வு திறக்கும். மேடு கடந்து போனதும் ஸ்பிரிங் அதை மூடிவிடும். எட்டு சிலிண்டர் என்றால் 16 வால்வு, 16 மேடு.

மேட்டைப் பெரிதாக வடித்தால் வால்வு நன்றாகத் திறக்கும். கூடுதல் நேரம் திறந்திருக்கும். காற்று அதிகமாகப் போகும், பலம் கூடும்.

செவர்லே கம்பெனி 1999-ம் ஆண்டு மாடலில் இருந்து தன் சில்வராடோ டிரக்கில் 5.3 லிட்டர் என்ஜினை வைத்தது. மாற்றம் செய்ய விரும்புகிறவர்களுக்கு அது மிகவும் பிடித்த என்ஜின். அதன் தொழிற்சாலை கேம், வால்வைத் திறந்து வைக்கும் அளவு சுமார் 190 டிகிரி. பலம் வேண்டுகிறவர்கள் 220, 230 டிகிரி கேமை வாங்கிப் போடுகிறார்கள்.

இங்கேதான் சங்கடம் தொடங்குகிறது.

ஒரு கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். முன்வாசல் வழியாக ஆட்கள் வருகிறார்கள். சாப்பிட்டவர்கள் பின்வாசல் வழியாகப் போகிறார்கள். பெரிய கேம் போட்டால், கொஞ்ச நேரம் இரண்டு வாசலும் ஒன்றாகவே திறந்திருக்கும். கூட்டம் வேகமாக ஓடிக்கொண்டிருந்தால் அதனால் நன்மைதான். பழைய பந்தி பின்வாசலில் பாயும். அந்த வேகமே புதிய பந்தியை உள்ளே இழுத்துவிடும்.

கூட்டம் மெதுவாக நகரும்போது என்ன ஆகும்? சாப்பிட்டவர்கள் பின்வாசலை விட்டு, திறந்து கிடக்கும் முன்வாசல் பக்கம் சாய்வார்கள். மறுபடியும் இலை முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். புதிதாக வந்தவர்களுக்கு இடம் இருக்காது!

என்ஜினிலும் இதுவே நடக்கிறது. ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது, காற்று வரும் பாதையை ஒரு தகடு ஏறக்குறைய மூடிவிடுகிறது. அதனால் உள்ளே உறிஞ்சும் நிலை ஏற்படுகிறது. வெளியே காற்றழுத்தம் 100 என்றால், சாதாரண என்ஜினில் தகட்டுக்கு உள்ளே 35 அளவுதான் இருக்கும். இரண்டு வால்வும் திறந்திருக்கும் நேரத்தில், எரிந்த புகை இந்தக் காலியான பக்கத்தை நோக்கித் திரும்புகிறது. அடுத்த முறை சிலிண்டருக்குள் போவது பாதி புகை, பாதி புதுக் கலவை. அது சரியாக எரியாது. ஒரு முறை பலமாக எரியும். அடுத்த முறை மங்கும். "டப்... டப்டப்..." என்ற சத்தத்துக்குக் காரணம் இதுதான்.

மிதிக்காதபோது ஓடும் இந்த ஓட்டத்துக்கு "ஐடில்" என்று பெயர். தொழிற்சாலையில் இருந்து வரும் என்ஜின், ஐடிலில் நிமிடத்துக்குச் சுமார் 600 சுற்று சுற்றும். அதாவது விநாடிக்கு 10 சுற்று. எட்டு சிலிண்டரும் சேர்ந்து விநாடிக்கு 40 முறை தீப்பிடிக்க வேண்டும். அதில் நாலைந்து தவறினால் போதும், வண்டி குலுங்கும். இன்னும் சில தவறினால், என்ஜின் நின்றுவிடும்.

பிரேக் கெட்டியாகும்!

"சத்தம்தானே! கேட்பதற்குக் கம்பீரமாக இருக்கிறதே!" என்று சொல்கிறவர்கள் உண்டு. அந்தச் சத்தத்துக்காகவே கேம் மாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இதில் ஆபத்தும் இருக்கிறது.

பிக்கப் வண்டியை நிறுத்த, காலின் பலம் மட்டும் போதாது. என்ஜின் உறிஞ்சும் உறிஞ்சலைப் பிடித்து, அதைக்கொண்டு மிதிக்குப் பலம் கொடுக்கும் ஓர் உருண்டைப் பெட்டி பிரேக்கோடு இருக்கிறது. பெரிய கேம் போட்டால், உள்ளே அழுத்தம் 35-க்குப் பதில் 50, 60 என்று ஏறிவிடும். உறிஞ்சல் குறையும். பிரேக் மிதி கெட்டியாகும்.

என்ஜினே நின்றுவிட்டால்? பெட்டியில் மிஞ்சியிருப்பது ஒன்றிரண்டு மிதிக்குத்தான் வரும். ஸ்டியரிங்குக்கு உதவும் எண்ணெய்ப் பம்பும் நின்றுவிடும். இறக்கத்தில், பின் இருக்கையில் குழந்தைகளோடு போகும்போது இது நேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. பெட்ரோல் அதிகமாகவும் காற்று குறைவாகவும் எரிந்தால், கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு கூடுகிறது. அதற்கு நிறம் இல்லை, மணமும் இல்லை. குளிர் நாட்டில், "என்ஜின் சூடாகட்டும்" என்று மூடிய கொட்டகைக்குள் வண்டியை ஓட விடுவது உயிரையே வாங்கிவிடும். எந்த வண்டியையும் திறந்த வெளியில்தான் ஓட விட வேண்டும்.

ஏமாறும் கம்ப்யூட்டர்

பழைய காலத்தில் ஐடிலைச் சரிசெய்ய இரண்டு திருகாணிகள் இருந்தன. ஒன்று காற்றுக்கு, மற்றொன்று பெட்ரோலுக்கு. மெக்கானிக் காதைக் கொடுத்துக் கேட்டு, திருகிவிடுவார்.

இந்த என்ஜினில் அந்த வேலையைச் செய்வது கம்ப்யூட்டர். எவ்வளவு காற்று வருகிறது, எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும், எப்போது பிளக்கில் பொறி வைக்க வேண்டும் என்பதெல்லாம் அதன் கணக்கு. அந்தக் கணக்கு தொழிற்சாலை கேமுக்காக எழுதப்பட்டது. கேமை மாற்றியது கம்ப்யூட்டருக்குத் தெரியாது! யாராவது சொன்னால்தான் தெரியும்.

இதில் ஒரு வேடிக்கையும் நடக்கிறது. 1 கிலோ பெட்ரோல் முழுவதும் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். இந்த அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க, புகைக்குழாயில் ஓர் உணர்கருவி இருக்கிறது. அது புகையில் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜனை மோப்பம் பிடித்துச் சொல்லும்.

ஐடிலில் சரியாக எரியாத சிலிண்டரில் இருந்து, ஆக்சிஜனும் பெட்ரோலும் எரியாமல் அப்படியே புகைக்குழாய்க்குப் போகின்றன. உணர்கருவிக்குப் பெட்ரோலின் கணக்கு தெரியாது, ஆக்சிஜன்தான் தெரியும். "ஆக்சிஜன் மிஞ்சுகிறது. பெட்ரோல் போதவில்லை!" என்று அது கம்ப்யூட்டருக்குத் தகவல் கொடுக்கிறது. கம்ப்யூட்டர் இன்னும் பெட்ரோலைக் கொட்டுகிறது. புகை கண்ணைக் கரிக்கிறது. பிளக் கறுத்துப் போகிறது. பெட்ரோல் செலவு கூடுகிறது. நடுக்கமும் கூடுகிறது. கம்ப்யூட்டர் மருந்து கொடுப்பதாக நினைத்து, நோயை வளர்த்துவிடுகிறது.

இப்படி ஏமாந்த கம்ப்யூட்டருக்குப் புதிய கணக்கைச் சொல்லிக் கொடுக்கிறவர்தான் "டியூனர்".

முதலில் ஓட்டையைத் தேடு

நல்ல டியூனர் வந்தவுடன் கம்ப்யூட்டரைத் தொட மாட்டார். முதலில் என்ஜினைப் பார்ப்பார். காற்றுக் குழாயில் வெடிப்பு இருக்கிறதா? கேஸ்கட் கசிகிறதா? கேம் மாற்றும்போது பல பாகங்களைக் கழற்றி மாட்டியிருப்பார்கள். ஒரு சிறிய ரப்பர் குழாயை மாட்ட மறந்திருந்தாலும், அதன் வழியாகத் திருட்டுக் காற்று புகுந்து ஐடிலைக் கெடுக்கும். இதைக் கண்டுபிடிக்க, காற்றுப் பாதைக்குள் புகையைச் செலுத்திப் பார்க்கிறார்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் புகை கசிந்து காட்டிக் கொடுத்துவிடும்.

பிறகு பெட்ரோல் அழுத்தம். இந்த என்ஜினுக்குச் சதுர அங்குலத்துக்குச் சுமார் 58 பவுண்டு வேண்டும். பிளக், அதன் ஒயர், பாட்டரி எல்லாவற்றையும் பார்ப்பார். பெட்ரோல் தெளிக்கும் குழலைப் பெரிதாக மாற்றியிருந்தால், அதன் அளவைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லியாக வேண்டும்.

இதை எல்லாம் பார்க்காமல் கம்ப்யூட்டர் கணக்கை மாற்றினால், ஓட்டைக்கும் சேர்த்துக் கணக்கு எழுதியதாகிவிடும். நாளைக்கு அந்த ஓட்டையை அடைத்தால், கணக்கு மறுபடியும் தவறும்.

காற்று, பெட்ரோல், பொறி

1996-ம் ஆண்டு முதல் அமெரிக்காவில் விற்கும் கார்களிலும் பிக்கப் டிரக்குகளிலும், டிரைவரின் முழங்காலுக்கு அருகில் ஒரு சொருகி உண்டு. டியூனர் தன் மடிக்கணினியை அதில் இணைக்கிறார். என்ஜின் முழுவதும் சூடாகட்டும் என்று காத்திருக்கிறார். பிறகு என்ஜினின் நாடியைத் திரையில் பார்க்கிறார். சுற்று எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு, பொறி எப்போது, பெட்ரோல் எவ்வளவு என்று வரிசையாக எண்கள் ஓடும்.

முதல் வேலை, ஐடில் வேகத்தைக் கொஞ்சம் உயர்த்துவது. பெரிய கேம் போட்ட என்ஜினை 600 சுற்றில் ஓடச் சொல்வது நியாயம் அல்ல. 750, 800, 850 என்று படிப்படியாக ஏற்றி, அது எங்கே நிதானப்படுகிறது என்று பார்ப்பார். தேவைக்கு மேல் ஏற்ற மாட்டார். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியில் ஐடில் வேகம் அளவுக்கு மீறினால், பிரேக்கில் இருந்து காலை எடுத்ததும் வண்டி முன்னால் தள்ளிக்கொண்டு போகும்.

இரண்டாவது, காற்று. ஐடிலில் இவ்வளவு காற்று வேண்டும் என்று ஒரு கணக்கு கம்ப்யூட்டரில் இருக்கிறது. பெரிய கேமுக்குக் காற்று அதிகம் தேவை. கணக்கில் குறைவாக இருந்தால், காலை எடுத்தவுடன் என்ஜின் மூச்சு முட்டி நின்றுவிடும். அதிகமாக இருந்தால், வேகம் இறங்காமல் தொங்கும்.

மூன்றாவது, பெட்ரோல். அழுத்தம் 35 ஆக இருந்தபோது எழுதிய கணக்கு, 55 ஆகும்போது பொருந்தாது. அந்த இடத்துக்குரிய எண்களைப் புதிதாக எழுத வேண்டும். சில டியூனர்கள், உணர்கருவியின் பேச்சை ஐடில் நேரத்தில் மட்டும் கேட்க வேண்டாம் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிடுகிறார்கள்.

நாலாவது, பொறி. புகை கலந்த கலவை மெதுவாகத்தான் எரியும். அதனால் பொறியை முன்கூட்டியே வைக்க வேண்டும். பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சுமார் 20 டிகிரி முன்னால் வைக்கிறார்கள்.

வேகம் கொஞ்சம் விழுந்தால் கம்ப்யூட்டர் இரண்டு வழிகளில் தூக்கி நிறுத்தலாம். ஒன்று காற்றைக் கூட்டுவது. தகடு திறந்து, காற்று உள்ளே நிறைவதற்குச் சற்று நேரமாகும். மற்றொன்று பொறியை இன்னும் முன்னால் தள்ளுவது. அடுத்த பொறியிலேயே பலன் தெரியும். ஆகையால் சின்னச் சின்ன விழுக்காட்டைப் பொறியால் தாங்கி, பெரிய தேவைக்குக் காற்றைக் கூட்ட வேண்டும்.

இதிலும் அளவு வேண்டும். கம்ப்யூட்டர் பதறிப்போய் அதிகமாகத் தள்ளினால், வேகம் 800-ல் இருந்து 1,000-க்குத் தாவும். "ஐயோ, அதிகம்" என்று இழுத்தால் 650-க்கு விழும். மறுபடியும் தாவும். ஊஞ்சல்போல ஆடிக்கொண்டே இருக்கும். நீராவி என்ஜின் காலத்திலேயே இந்தத் தொல்லை தெரிந்ததுதான். 1788-ம் ஆண்டில் ஜேம்ஸ் வாட், சுழலும் இரண்டு குண்டுகளைக் கொண்டு நீராவி என்ஜினின் வேகத்தைக் கட்டுப்படுத்தினார். அப்படிப்பட்ட கருவிகளும் சில நேரம் இதுபோல ஆடின. மெதுவாகத் திருத்தச் சொல்வதுதான் அன்றும் இன்றும் மருந்து.

எட்டுப் பரீட்சை

வேலை முடிந்ததா என்று எப்படித் தெரியும்? பட்டறையில் அமைதியாக ஓடினால் மட்டும் போதாது. டியூனர் என்ஜினுக்குப் பரீட்சை வைக்கிறார்.

ஏர் கண்டிஷனரைப் போடு. முன்விளக்கு முழுவதையும் எரிய விடு. ஸ்டியரிங்கைக் கடைசி வரை ஒடி. பிரேக்கை மிதித்தபடி கியரில் போடு. ரேஸ் கொடுத்துத் திடீரென்று காலை எடு. ஓட்டிக்கொண்டே வந்து சிக்னலில் நிறுத்து. வெயிலில் அலைந்து வந்த வண்டியை அணைத்து, பத்து நிமிடம் கழித்துக் கிளப்பு. இரவு முழுவதும் குளிரில் கிடந்த வண்டியைக் காலையில் கிளப்பு.

இந்த எட்டிலும் நிற்காமல் ஓடினால்தான் வெற்றி. ஒன்றில் தோற்றாலும் மறுபடியும் கணக்குதான். ஒரு நேரத்தில் ஓர் எண்ணைத்தான் மாற்ற வேண்டும் என்பது பட்டறையின் எழுதாத சட்டம். இரண்டை ஒன்றாக மாற்றினால், எது குணப்படுத்தியது, எது கெடுத்தது என்று தெரியாமல் போய்விடும்.

இவ்வளவும் செய்தும் பிரேக்குக்கு வேண்டிய உறிஞ்சல் வராமல் இருக்கலாம். அதற்குக் கணக்கு உதவாது. மின்சாரத்தால் ஓடும் உறிஞ்சு பம்பு ஒன்றைத் தனியாகப் பொருத்த வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் புகையைக் கட்டுப்படுத்தும் கருவிகளைக் கழற்றுவதும் முடக்குவதும் குற்றம். 1970-ம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம் அந்தக் கட்டுப்பாட்டுக்கு அடிப்படை. கலிபோர்னியா மாநிலத்தில், இப்படிப்பட்ட மாற்றுப் பாகத்துக்கு அரசு வாரியத்தின் அனுமதி எண் இருக்க வேண்டும்.

நம் நாட்டில் 1988-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இஷ்டம்போல மாற்றுவதற்குத் தடை போடுகிறது. நம் சாலைகளில் ஓடும் சரக்கு லாரிகள் பெரும்பாலும் டீசல் வண்டிகள். டீசல் என்ஜினுக்குப் பொறி வைக்கும் பிளக் கிடையாது. ஆகவே மேலே சொன்ன மருந்து அவற்றுக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் "முதலில் கசிவைப் பார், பிறகு கணக்கைத் தொடு" என்ற முறை எல்லா வண்டிக்கும் பொருந்தும். உங்கள் மோட்டார் சைக்கிள் சிக்னலில் நின்று நின்று போகிறதா? உடனே வேகத்தை ஏற்றி வைக்கச் சொல்லாதீர்கள். காரணத்தைத் தேடச் சொல்லுங்கள்.

எது வேண்டும்?

டியூனர் கைதேர்ந்தவராக இருந்தால், நடுங்கும் டிரக்கைப் பெரும்பாலும் நிதானப்படுத்திவிடுவார். ஆனால் தொழிற்சாலை என்ஜினின் மௌனத்தை அவராலும் திருப்பித் தர முடியாது. இரண்டு வாசலும் ஒன்றாகத் திறக்கும்படி வடித்த கேம், மெதுவாக ஓடும்போது கொஞ்சமாவது இடறத்தான் செய்யும். மேலே கூடிய பலம், கீழே இருந்த அமைதியை விற்று வாங்கிய பலம்.

எனவே அனுபவசாலிகள், கேம் வாங்க வருகிறவரிடம் முதலில் ஒரு கேள்வி கேட்கிறார்கள்: "இந்த வண்டியில் தினமும் யார் போவார்கள்?"

பந்தயத்துக்கு மட்டும் என்றால் பெரிய கேம் போடலாம். பாரம் இழுக்கும் வண்டி, சந்தைக்குப் போகும் வண்டி, பிள்ளைகளைப் பள்ளியில் விடும் வண்டி என்றால், சின்ன கேமே போதும். வேகப் பந்தயத்தில் கொஞ்சம் பின்தங்கலாம். ஆனால் இறக்கத்தில் பிரேக்கை மிதிக்கும்போது, அது பிடிக்கும்.